முகவரி கேட்பதா, பொருளை விற்பதா? சிறு இணையக் கடைக்காரர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

காங்கேயம் பக்கம், கொப்பரைக் களங்களுக்கு நடுவில் ஒரு சின்ன மரச்செக்கு வைத்திருக்கிறேன். நல்லெண்ணெய், கடலை எண்ணெய், தேங்காய் எண்ணெய், கூடவே நாலைந்து வகைப் பொடி. பாதி வியாபாரம் கடையில் நடக்கிறது, மீதி சொந்த இணையதளத்தில். இதே மாதிரி வீட்டிலிருந்து புடவை விற்பவர்கள், கொலு பொம்மை விற்பவர்கள் சிலர் பழக்கம். பேச உட்கார்ந்தால் கேள்வி ஒரே இடத்தில்தான் வந்து நிற்கும்: தளத்துக்கு வருகிறவரிடம் இமெயில் முகவரியை வாங்கிப் பட்டியல் சேர்ப்பதா, நேராகப் பொருளை விற்றுவிடுவதா? அவர்கள் கேட்டதையும் நான் சொன்னதையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

இரண்டில் எது முதலில்? பட்டியலா, விற்பனையா?

விற்பனைதான். தளம் திறந்த முதல் மூன்று மாதம் பட்டியலைப் பற்றிக் கவலையே வேண்டாம் என்பது என் கட்சி. உங்கள் பொருளைக் காசு கொடுத்து வாங்க ஆள் இருக்கிறதா, கூரியரில் பாட்டில் உடையாமல் போகிறதா, வாங்கியவர் இரண்டாவது தடவை வருகிறாரா என்பது தெரியாமல் ஆயிரம் முகவரி சேர்த்து என்ன செய்வது? ஓரத்தில் ஒரு பெட்டி இருக்கட்டும், விருப்பமுள்ளவர் முகவரி தரட்டும். அதற்கு மேல் மெனக்கெட வேண்டாம்.

அப்புறம், இதைத் தராசின் இரண்டு தட்டாகப் பார்ப்பதே சரியில்லை. மளிகைக் கடையில் ஒருவர் "அரை லிட்டர் நல்லெண்ணெய் கொடுங்க" என்று காசை நீட்டும்போது, "இருங்க, முதல்ல உங்க அட்ரஸ் சொல்லுங்க" என்று எந்தக் கடைக்காரரும் கேட்க மாட்டார். அதே கடைக்காரர், விலையைக் கேட்டுவிட்டு "அடுத்த மாசம் பாக்கறேன்" என்று திரும்புகிறவரிடம், "புது எள்ளு வந்ததும் சொல்லட்டுமாங்க?" என்று நிச்சயம் கேட்பார். வாங்க வந்தவர் யார், பார்க்க வந்தவர் யார் என்று பிரித்துப் பார்த்தாலே பாதி குழப்பம் தீர்ந்துவிடும்.

இன்ஸ்டாகிராமில் நிறையப் பேர் பின்தொடர்கிறார்கள். இமெயில் எதற்கு?

2020 ஜூன் 29 அன்று இந்திய அரசு 59 செயலிகளைத் தடை செய்தது, அதில் டிக்டாக்கும் ஒன்று. அதை மட்டுமே நம்பிப் பெயர் சேர்த்தவர்களுக்குப் பின்தொடர்ந்த கூட்டம் அப்படியே கைவிட்டுப் போனது. அந்த ஆட்கள் எங்கேயும் ஓடிவிடவில்லை, அதே ஊரில் அதே போனோடுதான் இருந்தார்கள். அவர்களைத் திரும்பக் கூப்பிட வழிதான் இல்லை.

தடை வரை போக வேண்டாம். இன்றைக்கு நீங்கள் போடும் படத்தை யாருக்குக் காட்டுவது என்பது அந்த நிறுவனத்தின் கையில் இருக்கிறது. இமெயில் பட்டியல் அப்படியில்லை. மடல்களை மொத்தமாக அனுப்பித் தரும் சேவை பிடிக்கவில்லையென்றால் முகவரிகளை ஒரு கோப்பாக இறக்கிக்கொண்டு வேறு சேவைக்குப் போய்விடலாம். வாடகை வீட்டில் எவ்வளவு செலவு செய்து வண்ணம் அடிப்பீர்கள் என்று யோசியுங்கள். இன்ஸ்டாகிராமை விட்டுவிடச் சொல்லவில்லை. ஆள் பிடிக்கிற இடம் அது, ஆளை உட்கார வைக்க வேறு இடம் வேண்டும்.

நம்ம ஊரில் யார் இமெயில் படிக்கிறார்கள்? வாட்ஸ்அப் போதாதா?

நியாயமான சந்தேகம். என் வாடிக்கையாளர்களில் ஐம்பது வயதுக்கு மேற்பட்ட அம்மாக்கள் இமெயிலைத் திறப்பதில்லை, அவர்களுக்கு வாட்ஸ்அப்தான். ஆனால் சென்னை, பெங்களூருவில் அலுவலகம் போகிறவர்கள், வெளிநாட்டில் இருந்துகொண்டு ஊரில் இருக்கும் பெற்றோருக்கு எண்ணெய் ஆர்டர் போடும் பிள்ளைகள் எல்லாம் இமெயில் ஆட்கள். ஒரே தடவையில் பெரிய ஆர்டர் போடுவதும் பெரும்பாலும் இவர்கள்தான்.

வாட்ஸ்அப்புக்கு எல்லைகள் உண்டு. சாதாரண ஒளிபரப்புப் பட்டியல் ஒன்றில் 256 பேர்தான் சேர்க்க முடியும், அதுவும் உங்கள் எண்ணைத் தன் போனில் சேமித்து வைத்தவருக்கு மட்டுமே போய்ச் சேரும். அதைத் தாண்டினால் வணிகத்துக்கான கட்டண வழி, அங்கே விளம்பரச் செய்திகளுக்குக் காசு. பத்துப் பேர் சேர்ந்து உங்களைப் பிளாக் செய்து புகார் கொடுத்தால் எண்ணே முடங்கவும் கூடும். கடை போர்டு, பில், பை எல்லாவற்றிலும் அச்சடித்த எண் முடங்கினால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

ஆர்டர் உறுதி, கூரியர் விவரம், "தம்பி, பாட்டில் வந்துடுச்சுப்பா" என்கிற பேச்சுக்கெல்லாம் வாட்ஸ்அப். நிதானமாகச் சொல்ல வேண்டிய விஷயத்துக்கு இமெயில். எஸ்எம்எஸ் வேண்டுமென்றால் அனுப்புநர் பெயரையும் வாசகத்தையும் தொலைபேசி நிறுவனங்களின் டிஎல்டி என்ற பதிவுத் தளத்தில் முன்கூட்டியே பதிவு செய்ய வேண்டும். சின்னக் கடைக்கு அந்த அலைச்சல் தேவையா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

தளத்தில் எந்தப் பக்கத்தில் முகவரி கேட்பது, எந்தப் பக்கத்தில் கேட்கவே கூடாது?

என்னைக் கேட்டால் இந்த ஒரு கேள்விக்கு விடை தெரிந்தால் போதும். ஒவ்வொரு பக்கமாகப் போவோம்.

பொருள் பக்கம்: இங்கே ஒரே ஒரு வேலைதான், "கூடையில் சேர்" என்ற பொத்தானை அழுத்த வைப்பது. எள் எங்கே வாங்கினது, ஆட்டும்போது கருப்பட்டி போட்டதா வெல்லம் போட்டதா, என்றைக்கு ஆட்டினது, எத்தனை நாள் கெடாது, எல்லாவற்றையும் சொல்லுங்கள். இமெயில் பெட்டியை அடியில் ஒதுக்கிவிடுங்கள். படத்தையோ விலையையோ மறைத்துக்கொண்டு அது எழுந்து நிற்கக் கூடாது.

ஸ்டாக் இல்லாத பொருளின் பக்கம்: பட்டியலுக்கு இதைவிட நல்ல இடம் கிடையாது. பலர் "தீர்ந்துவிட்டது" என்று சிவப்பு எழுத்தில் போட்டுவிட்டுச் சும்மா இருக்கிறார்கள். காசோடு வந்தவரை வாசலிலிருந்து திருப்பி அனுப்புவதற்குச் சமம் அது. "அடுத்து எண்ணெய் ஆட்டுவது வெள்ளிக்கிழமை. தயாரானதும் மடல் அனுப்பட்டுமா?" என்று கேட்டால் சந்தோஷமாக முகவரி தருவார்கள். அதற்குப் பிறகு நீங்கள் அனுப்பும் மடல் விற்பனை மடல்தான் என்றாலும் தொந்தரவாகத் தெரியாது, அவர் கேட்டுப் பெற்றது அல்லவா?

கூடையும் பணம் கட்டும் பக்கமும்: வாயைத் திறக்காதீர்கள். இங்கே கவனத்தைத் திருப்புகிற எதுவும் விற்பனைக்குக் கேடு. ரசீது அனுப்ப எப்படியும் இமெயில் முகவரி கேட்பீர்கள். அதன் கீழேயே டிக் போடாத ஒரு சின்னக் கட்டம் வைத்து, "புதிதாக ஆட்டிய எண்ணெய், பண்டிகை விலை பற்றி மாதம் ஒரு மடல் அனுப்பலாம்" என்று எழுதுங்கள். அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

நன்றிப் பக்கம்: ஆர்டர் முடிந்தபின் வருமே, அது. பெரும்பாலான தளங்களில் வெறும் ஆர்டர் எண்ணோடு காலியாகக் கிடக்கும். பணம் கட்டியாயிற்று, இனி கெட்டுப்போக விற்பனை இல்லை, உங்கள் மேல் நம்பிக்கையும் இருக்கிறது. கட்டத்தில் டிக் போடாமல் வந்தவரிடம் இங்கே இன்னொரு தடவை கேட்கலாம். "எண்ணெய் தீரும் சமயத்தில் ஞாபகப்படுத்தட்டுமா?" என்று நான் கேட்கிறேன். "செய்திமடலில் சேருங்கள்" என்று எழுதியிருந்த காலத்தைவிட இப்போது அதிகம் பேர் சேர்கிறார்கள்.

கட்டுரைப் பக்கம்: "செக்கு எண்ணெய் ஏன் நுரைக்கிறது?" மாதிரி கேள்வியோடு கூகுளில் தேடி வருகிறவர் வாங்க வந்தவர் இல்லை. அவரிடம் பொருளைத் திணித்தால் போய்விடுவார். பதிலை முழுசாகச் சொல்லிவிட்டு, கட்டுரையின் முடிவில் முகவரி கேளுங்கள். இங்கே பட்டியல்தான் முதல், விற்பனை அடுத்தது.

முகப்புப் பக்கத்துக்கு இரண்டு விதமானவர்களும் வருவார்கள். மேலே பொருள், கீழே முகவரிப் பெட்டி. இதில் யோசிக்க ஒன்றுமில்லை.

பாப்-அப் வைக்கலாமா?

வந்து மூன்று நொடிகூட ஆகாமல் திரையை மறைத்து முகத்தில் வந்து விழுகிற பாப்-அப் பெட்டி எனக்குப் பிடிக்காது. என் பிடித்தத்தை விடுங்கள், கூகுளுக்கும் பிடிக்காது. போனில் தேடி வந்தவருக்கு உள்ளடக்கத்தை மறைக்கிற பாப்-அப் இருந்தால், தேடல் முடிவில் அந்தப் பக்கத்தைக் கீழே தள்ளக்கூடும் என்று 2017 ஜனவரியிலிருந்து நடைமுறை வைத்திருக்கிறது. நம் ஆட்களில் பெரும்பாலானோர் போனில்தான் வருகிறார்கள்.

சட்டமும் இதில் தலையிட்டிருக்கிறது. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர் 30 அன்று வெளியிட்ட வழிகாட்டுதல்கள், வாடிக்கையாளரை ஏமாற்றும் 13 வகைத் தந்திர வடிவமைப்புகளைத் தடுக்கின்றன. "வேண்டாம், என் குடும்ப ஆரோக்கியம் எனக்கு முக்கியமில்லை" என்பது மாதிரி மறுப்புப் பொத்தானில் ஆளை வெட்கப்பட வைப்பது அதில் ஒன்று. வேண்டாம் என்ற பிறகும் திரும்பத் திரும்பக் கேட்டு நச்சரிப்பது இன்னொன்று. "இன்னும் 2 பாட்டில்தான் இருக்கிறது" என்று பொய் அவசரம் காட்டுவதும் அந்தப் பட்டியலில் உண்டு. இணையத்தில் விலைக்குக் கிடைக்கும் பல பாப்-அப் வார்ப்புகளில் இந்த மூன்றும் சேர்ந்தே வருகின்றன, கவனமாக இருங்கள்.

வைத்தே ஆக வேண்டும் என்றால் கட்டுரைப் பக்கங்களில் மட்டும் வையுங்கள். பாதிக்கு மேல் படித்த பிறகு, திரையின் அடியில் சின்னப் பட்டையாக வரட்டும். ஒரு தடவை மூடியவருக்கு ஒரு மாதம் காட்டாதீர்கள். ஏற்கெனவே பட்டியலில் இருந்து மடல் வழியாக வந்தவருக்குக் காட்டவே காட்டாதீர்கள். கல்யாணத்துக்கு வந்தவரிடம் போய்ப் பத்திரிகை நீட்டுகிற மாதிரி இருக்கும்.

"முகவரி கொடுத்தால் 10% தள்ளுபடி" என்று போடலாமா?

போடுவதற்கு முன் ஒரு கணக்கு. ஒரு லிட்டர் நல்லெண்ணெய் 450 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். எள், கருப்பட்டி, ஆட்டுக்கூலி, பாட்டில் எல்லாம் சேர்த்து 340. கூரியரில் நீங்கள் ஏற்கும் பங்கு 50. கையில் நிற்பது 60. பத்து சதவீதத் தள்ளுபடி என்றால் 45 போய்விடும், மிச்சம் 15 ரூபாய். புண்ணாக்கு விற்ற காசில்தான் காலம் தள்ள வேண்டும்.

புடவை, நகை மாதிரி லாப விகிதம் அதிகமுள்ள பொருளுக்கு இது தாங்கும். எண்ணெய், பொடி, தின்பண்டத்துக்குத் தாங்காது. இன்னொரு சிக்கல், முழு விலை கொடுத்து வாங்கவே வந்தவரும் கூப்பனைப் பார்த்ததும் நின்றுவிடுகிறார். முகவரி கொடுத்து, கூப்பன் மடல் வரக் காத்திருந்து, அது ஸ்பாமில், அதாவது குப்பை மடல் பெட்டியில், போய் விழுந்து, கடைசியில் வாங்காமலே போய்விடுகிறார். தானாக நடந்திருக்க வேண்டிய விற்பனையை நாமே தட்டிவிட்ட கதை. அடுத்த மாதம் அதே ஆள் வேறு முகவரியில் வந்து இன்னொரு கூப்பன் வாங்குவதும் நடக்கும்.

தள்ளுபடிக்குப் பதில் நான் செய்வது இது: பட்டியலில் சேர்ந்தவருக்கு, அடுத்த ஆர்டரோடு 50 கிராம் இட்லிப் பொடி இலவசம். எனக்கு ஆகும் செலவு தள்ளுபடியைவிடக் குறைவு. பொடியைச் சாப்பிட்டுப் பார்த்தவர் அதற்கடுத்த தடவை கால் கிலோ சேர்த்துப் போடுகிறார்.

சேர்ந்தவருக்கு முதல் மடலிலேயே விற்கலாமா?

தாராளமாக. முகவரி கொடுத்த அந்த நிமிடம்தான் உங்கள் ஞாபகம் அவருக்கு நன்றாக இருக்கும். நாலு மடல் பொதுவாக எழுதிவிட்டு ஐந்தாவதில்தான் விலை சொல்ல வேண்டும் என்று சிலர் சொல்வதை நான் ஏற்பதில்லை. நாங்கள் யார், எப்படி ஆட்டுகிறோம், எது அதிகம் போகிறது, வாங்க வேண்டுமானால் இதோ இணைப்பு. பத்து வரியில் முடித்துவிடுங்கள். மூடி மூடிப் பேசிவிட்டு திடீரென்று பையைத் திறந்து கடை விரிப்பவரைத்தான் ஆட்கள் வெறுக்கிறார்கள். கடைக்காரர் என்று முதலிலேயே தெரிந்தவர் விலை சொன்னால் யாரும் கோபித்துக்கொள்வதில்லை.

மாதம் எத்தனை மடல்? அதில் எத்தனை விற்பனைக்கு?

"நாலு பயனுள்ள மடல், ஒரு விற்பனை மடல்" என்று சூத்திரம் சொல்வார்கள். பொருளைப் பார்க்காமல் சூத்திரம் போட முடியாது என்பேன். வாங்கியவர் எப்போது திரும்ப வாங்குவார் என்பதைப் பொறுத்துத்தான் எல்லாமே.

எண்ணெய் தீர்கிற பொருள். நாலு பேர் உள்ள வீட்டில் ஒரு லிட்டர் எத்தனை நாள் வரும் என்று உங்கள் பழைய ஆர்டர்களைப் பார்த்தாலே தெரிந்துவிடும். ஒருவர் நாற்பது நாளுக்கு ஒருமுறை வாங்குகிறார் என்றால் முப்பத்தைந்தாம் நாள் போகும் "எண்ணெய் இருக்கிறதா?" என்ற இரண்டு வரி மடல் விற்பனையும்தான், உதவியும்தான். மற்றபடி மாதம் ஒரு பொது மடல் போதும்.

புடவை அப்படியில்லை. அது பார்க்கிற பொருள். புது வரவு வரும்போதெல்லாம் படத்தோடு அனுப்பினாலும், வாங்காதவர்கூடப் பார்த்து ரசிப்பார். வாரம் ஒன்று அனுப்பலாம். ஆடித் தள்ளுபடிக்கும் தீபாவளிக்கும் இன்னும் கொஞ்சம் கூட்டலாம்.

கொலு பொம்மை மூன்றாவது ரகம். விளாச்சேரி, பண்ருட்டிப் பொம்மைகளை வாங்கி விற்கும் ஒருவர், வருடம் முழுக்க வாராவாரம் மடல் எழுதிப் பட்டியலைச் சோர்வடைய வைத்தார். புரட்டாசியில் வாங்கும் பொருளைத் தை மாதத்தில் யார் நினைப்பார்கள்? தையிலிருந்து ஆனி வரை இரண்டே மடல் போதும் என்றேன். பொம்மைக்கு எப்படி வண்ணம் தீட்டுகிறார்கள், பழைய பொம்மையை எப்படிப் பத்திரமாகக் கட்டி வைப்பது என்று விற்காத மடல்கள். ஆடி பிறந்ததும் முன்பதிவு, ஆவணியில் வாரம் ஒன்று, நவராத்திரிக்குப் பத்து நாள் முன்பு அனுப்பும் கடைசித் தேதி சொல்லி ஒன்று. அவருக்கு வருடத்தில் பத்து மாதம் பட்டியலைக் காப்பதுதான் வேலை, விற்பது இரண்டு மாதம்.

விற்பனை மடல் அனுப்பும்போதெல்லாம் சிலர் விலகிவிடுகிறார்களே?

போகட்டும். வாங்கப்போவதே இல்லை என்பவருக்கு மாதாமாதம் அனுப்பும் செலவு உங்களுடையது. விலகும் இணைப்பைக் கண்ணில் படுகிற மாதிரி வையுங்கள். அது கிடைக்காதவர் ஸ்பாம் பொத்தானை அழுத்துவார், அதுதான் ஆபத்து.

பல மாதம் மடலே எழுதவில்லை. தீபாவளிக்கு ஒன்று அனுப்பினால் விற்காதா?

இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். ஒரு வருடம் செக்கு வேலையிலேயே மூழ்கி ஏழு மாதம் எதுவும் எழுதவில்லை. தீபாவளிக்கு எண்ணெய் தேய்த்துக் குளிக்காத வீடு ஏது என்ற நம்பிக்கையில், பண்டிகைக்குப் பத்து நாள் முன்பு மொத்தப் பட்டியலுக்கும் ஒரே மடலைத் தட்டிவிட்டேன். பாதிப் பேருக்கு நான் யாரென்றே ஞாபகமில்லை. முகவரிகள் பல செத்துப்போயிருந்தன, மடல்கள் திரும்பி வந்தன. ஸ்பாம் புகார் குவிந்ததால் அனுப்பித் தரும் சேவை என் கணக்கை நிறுத்தி வைத்துவிட்டது. விளக்கம் எழுதி மீட்பதற்குள் தீபாவளியே முடிந்துவிட்டது. ஆட்டி வைத்த எண்ணெயை உள்ளூர்க் கடைகளுக்கு மொத்த விலையில் தள்ளினேன்.

நீங்களும் அந்த நிலையில் இருந்தால் முதலில் கடந்த ஆறு மாதத்தில் வாங்கியவர்களுக்கு மட்டும் அனுப்புங்கள். மற்றவர்களுக்குச் சிறு சிறு பகுதியாக, "நீங்கள் எங்களிடம் இன்ன வருடம் சேர்ந்தீர்கள், தொடரலாமா?" என்று விற்காத மடல் ஒன்று அனுப்புங்கள். பதிலே இல்லாதவரை எடுத்துவிடுங்கள். மனசு வராது, தெரியும். எனக்கும் வரவில்லை.

வாங்கியவர் எல்லோரையும் தானாகவே பட்டியலில் சேர்த்துவிடலாமா?

கூடாது. ஆர்டருக்காகக் கொடுத்த முகவரி ஆர்டருக்குத்தான். 2023இல் வந்த நமது டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்திலேயே இதற்கு ஒரு எடுத்துக்காட்டு இருக்கிறது. மருந்துக் கடையில் ஒருவர் ரசீதைப் போனுக்கு அனுப்பச் சொல்லி எண் கொடுத்தால், ரசீது அனுப்ப அதைப் பயன்படுத்தலாம் என்கிறது. விளம்பரம் அனுப்ப வேண்டுமானால் தெளிவாகச் சொல்லி, அவராகவே சம்மதிக்க வேண்டும். கொடுத்த சம்மதத்தைத் திரும்பப் பெறுவதும் கொடுத்த அளவுக்கே சுலபமாக இருக்க வேண்டும். அறிவிப்பை ஆங்கிலத்திலோ அரசியலமைப்பின் எட்டாவது அட்டவணையில் உள்ள மொழி ஒன்றிலோ படிக்கும் வசதியும் தர வேண்டும், அதில் தமிழும் உண்டு. இதற்கான விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. முக்கியக் கடமைகளுக்கு 18 மாத அவகாசம் தந்திருக்கிறார்கள். அவகாசம் முடியும் வரை காத்திருக்காமல் இப்போதே சரிசெய்வது நல்லது.

ஐரோப்பாவில் இருக்கும் நம்மவர்களுக்கு விற்பவர்களானால், அங்கே ஜிடிபிஆர் என்ற தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2018 மே மாதமே நடைமுறைக்கு வந்துவிட்டது. இலங்கையிலும் 2022இல் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இயற்றியிருக்கிறார்கள்.

பட்டியலை விலைக்கு வாங்கலாமா?

வேண்டாம். "தமிழ்நாடு ஒரு லட்சம் முகவரி" என்று விற்கிறார்கள். 1978 மே மாதம் கேரி துர்க் என்ற கணினி விற்பனையாளர், கேட்காமலே சுமார் 400 பேருக்கு ஒரே விளம்பர மடலை அனுப்பினார். உலகின் முதல் ஸ்பாம் என்று அதைத்தான் சொல்வார்கள். அவருக்கு விற்பனையும் ஆனது, திட்டும் கிடைத்தது. இன்றைக்கு உங்களுக்குத் திட்டு மட்டும்தான் கிடைக்கும்.

மடல் ஸ்பாமில் போய் விழுகிறது. என்ன செய்ய?

2024 பிப்ரவரி முதல் கூகுளும் யாகூவும் கெடுபிடி காட்டுகின்றன. உங்கள் டொமைனுக்கு, அதாவது தளத்தின் இணையப் பெயருக்கு, எஸ்பிஎஃப், டிகேஐஎம், டிமார்க் என்ற மூன்று பதிவுகளும் இருக்க வேண்டும். "இந்த மடல் உண்மையில் இந்தக் கடையிலிருந்துதான் வந்தது" என்பதற்கான சீல் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். நாளுக்கு 5,000 மடலுக்கு மேல் ஜிமெயிலுக்கு அனுப்புபவர்களுக்குத்தான் மூன்றும் கட்டாயம், ஆனாலும் சிறியவர்களும் செய்துவிடுவது உத்தமம். டொமைன் வாங்கிய இடத்தில் அரைமணி நேர வேலை. தெரியாவிட்டால் தளம் செய்து கொடுத்த தம்பியைக் கேளுங்கள்.

ஸ்பாம் புகார் ஆயிரத்துக்கு மூன்றை எட்டவே கூடாது, ஒன்றுக்குக் கீழே வைத்திருக்கச் சொல்கிறது கூகுள். அனுப்புநர் முகவரியாகச் சொந்த ஜிமெயிலைப் போட்டு மொத்தமாக அனுப்பாதீர்கள். கடை டொமைனில் ஒரு முகவரி வைத்துக்கொள்ளுங்கள்.

விளம்பரத்துக்குப் பத்தாயிரம் ரூபாய் இருக்கிறது. பொருளுக்கா, பட்டியலுக்கா?

பொருளுக்கு. அதிலும் ஏற்கெனவே நன்றாகப் போகும் ஒரே ஒரு பொருளுக்கு. முகவரிக்காக விளம்பரம் செய்தால் இலவசம் தேடுகிறவர்கள்தான் வருவார்கள். பொருளைக் காட்டி அழைத்தவர்களில் வாங்காமல் திரும்புகிறவர் தருகிற முகவரிக்கு மதிப்பு அதிகம், அவர் விலையைப் பார்த்த பிறகும் தொடர்பில் இருக்கச் சம்மதித்தவர்.

கொலு பொம்மை மாதிரி பருவப் பொருளுக்கு மட்டும் விதிவிலக்கு உண்டு. நவராத்திரி நேரத்தில் எல்லோரும் விளம்பரம் செய்வதால் விலை ஏறிவிடும். ஆனி, ஆடியிலேயே முகவரி சேர்த்து வைத்தால் மலிவு.

கூடையில் போட்டுவிட்டு வாங்காமல் போனவருக்கு மடல் அனுப்பலாமா?

கூடை நிரப்புகிறவர்களில் பத்துக்கு ஏழு பேர் வாங்காமல் போவது உலகம் முழுக்க உள்ள கதைதான். முகவரி கொடுத்துச் சம்மதித்தவராக இருந்தால் மறுநாள் ஒரு மடல் அனுப்பலாம். அதில் தள்ளுபடி தராதீர்கள், பழகிவிடுவார்கள். "கூரியர் செலவு பற்றிச் சந்தேகமா? வந்தபின் பணம் தருவது வேண்டுமா?" என்று கேளுங்கள். எனக்கு வந்த பதில்களில் பாதி கூரியர் கட்டணத்தைப் பற்றித்தான். அதைப் பொருள் பக்கத்திலேயே எழுதிவைத்த பிறகு அந்த மடலுக்கு வேலை குறைந்துவிட்டது.

தமிழில் எழுதுவதா, ஆங்கிலத்திலா?

கடையில் எப்படிப் பேசுவீர்களோ அப்படி. நான் தமிழில்தான் எழுதுகிறேன். பொருளின் பெயர், விலை, கூரியர் விவரம் மட்டும் ஆங்கிலத்திலும் இருக்கும். பெங்களூருவில் வளர்ந்த பிள்ளைகளுக்குத் தமிழ் பேச வரும், படிக்கத் திணறுவார்கள்.

பலன் கிடைக்கிறதா என்று எந்த எண்ணை வைத்துப் பார்ப்பது?

எத்தனை பேர் மடலைத் திறந்தார்கள் என்பதை நம்பாதீர்கள். 2021இல் ஆப்பிள் கொண்டுவந்த தனியுரிமை வசதியால், ஐபோன் அஞ்சல் செயலியில் மடல் திறக்கப்படாமலே திறந்த மாதிரி பதிவாகிறது. பட்டியலில் மொத்தம் எத்தனை பேர் என்பதும் பெருமைக்குத்தான் உதவும்.

மாதக் கடைசியில் நான் ஒரு நோட்டில் எழுதுவது மூன்று எண்கள். இந்த மாதம் வாங்கியவர்களில் எத்தனை பேர் பட்டியலில் சேர்ந்தார்கள், பட்டியலில் இருப்பவர்களில் எத்தனை பேர் இரண்டாவது தடவை வாங்கினார்கள், முகவரிப் பெட்டியை இடம் மாற்றினேன் என்றால் அதன் பிறகு ஆர்டர் குறைந்ததா. மூன்றாவதைத்தான் பலரும் பார்ப்பதில்லை. பொருள் பக்கத்தின் மேலே பெட்டி வைத்த மாதம் எனக்கு முகவரிகள் நன்றாகவே சேர்ந்தன, சந்தோஷமாக இருந்தேன். நோட்டைப் புரட்டியபோதுதான் ஆர்டர் இறங்கியிருந்தது கண்ணில் பட்டது. அன்று சாயங்காலமே பெட்டியைக் கீழே இறக்கிவிட்டேன். இன்னும் அங்கேதான் இருக்கிறது.